கவிழ்த்து வைத்த நாற்பத்தொரு கார்டுகள்

குறை கண்டுபிடிக்கிறவள் என்று வெர்னா லெஷருக்கு ரெடிங் ஊரில் பெயர். இருபத்திரண்டு வருஷம் அவளுக்குச் சம்பளம் கொடுத்த வேலையே அதுதான். ஆறாவது தெருவில் இருந்த காலுறை மில்லில், பெண்கள் அணியும் மெல்லிய நீளக் காலுறைகளை ஒவ்வொன்றாக விளக்கு எரியும் கண்ணாடிக் காலில் மாட்டி, எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே கிழிசல் ஓடியிருக்கிறது என்று பார்த்து ஒதுக்க வேண்டும். மில்லை மூடிய அன்று முதலாளி ஆளுக்கு ஒரு பன்றித்தொடையைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார். இருபத்திரண்டு வருஷக் கண்பார்வைக்குப் பதில் ஒரு பன்றித்தொடை! மற்றவர்கள் வாங்கிக்கொண்டு அழுதுகொண்டே போனார்கள். வெர்னா அதை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தாள். ஆனால் மில்லின் பூதக்கண்ணாடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அது தனக்குச் சேர வேண்டியது என்று அவள் நினைத்தாள், அதில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு பள்ளிக்கூட உணவகத்தில் சூப் ஊற்றினாள். புருஷன் ஹெரால்டு ரொட்டி வண்டி ஓட்டினான். தொண்ணூற்றேழில் அவன் போய்ச் சேர்ந்த பிறகு அலமாரியை ஒழித்தபோது ஒரு சுருட்டுப் பெட்டி கிடைத்தது. உள்ளே அறுபத்து மூன்று பேஸ்பால் கார்டுகள். 1910 வாக்கில் பிளாக் ஸ்வான் சிகரெட் பெட்டிக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுத்தவை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அட்டை. முன்பக்கம் ஆட்டக்காரரின் வண்ணப்படம், பின்பக்கம் கறுப்பு மையில் ஓர் அன்னமும் சிகரெட் விளம்பரமும். ஹெரால்டின் தாத்தா சேர்த்தவை.

பென் தெருவில் ஒரு வியாபாரியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவன் நாலு கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"பின்னாடி பூரா கீறலா இருக்கே. வீட்டுப் பசங்க பேனாவால கிறுக்கி வெச்சிருக்காங்க. இதுக்கு என்னத்தக் குடுக்கறது?"

"எங்க வீட்டுல பசங்களே கிடையாது," என்றாள் வெர்னா. "கிறுக்கறவங்களும் கிடையாது. குடுங்க இங்க."

பெட்டியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விலை குறைந்ததற்காக இல்லை, பார்க்காமலே சொல்லிவிட்டானே என்றுதான். பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். கீறல், விளம்பரம் அச்சான அதே கறுப்பு மையில் இருந்தது. அப்படியானால் கீறல் விழுந்தது கார்டில் இல்லை, அச்சடித்த தகட்டில். யாரோ எதையோ தகட்டின் மேல் இழுத்துவிட்டிருக்கிறார்கள். அதன் பிறகு அந்தத் தகட்டில் அடித்த தாள் ஒவ்வொன்றிலும் அதே கோடு அதே இடத்தில் விழுந்திருக்கிறது.

அந்தக் காலத்தில் ஒரு பெரிய தாளில் வரிசை வரிசையாகக் கார்டுகளை அச்சடித்து, வெட்டி, பெட்டிக்கு ஒன்றாகப் போட்டு நாடு முழுக்கச் சிதறடித்துவிட்டார்கள். வெட்டாத பிளாக் ஸ்வான் தாள் ஒன்றுகூட இன்று யாரிடமும் இல்லை. எந்த ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் எந்த ஆட்டக்காரர் இருந்தார், வரிசைக்கு எத்தனை பேர் என்று ஒரு பிறவிக்கும் தெரியாது. சேகரிப்பாளர்கள் அறுபது வருஷமாக இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெர்னாவுக்கு அந்தச் சண்டையெல்லாம் அப்போது தெரியாது. ஒரு கார்டைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். கீறல் அதன் வலது விளிம்பில், அன்னத்தின் கழுத்து உயரத்தில் வெளியேறியது. பெட்டியில் தேடினால், வேறொரு கார்டில் ஒரு கீறல் இடது விளிம்பில் அதே கழுத்து உயரத்தில் உள்ளே நுழைகிறது. இரண்டையும் ஒட்டி வைத்தாள். கோடு நிற்காமல் ஓடியது. காலுறையில் கிழிசல் விழுந்தால் இப்படித்தான் ஓடும். அவள் பார்க்காத ஓட்டமா?

அப்படித்தான் பதினான்கு வருஷம் போனது. சாப்பாட்டு மேஜையில் ஒரு பெரிய கண்ணாடிப் பலகையைப் போட்டு, அதன் மேல் கார்டுகளைக் கவிழ்த்து அடுக்கினாள். அழுக்கும் மடிப்பும் விழுந்து யாரும் சீண்டாத கார்டுகளாகத் தேடி வாங்கினாள். கிடைக்காத கார்டுகளுக்கு, வைத்திருப்பவர்களுக்குக் கடிதம் எழுதிப் பின்பக்கத்தின் நகல் கேட்டாள். அங்கேதான் அவள் வயிறு எரிந்தது. இந்தக் கூட்டத்தில் யாரும் கார்டின் பின்பக்கத்தைக் காட்டுவதில்லை. ஏலப் புத்தகத்தில் முகம், கடை ஜன்னலில் முகம், சட்டம் போட்டு மாட்டினாலும் முகம். "பின்பக்கம் சாதாரணம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஐந்நூறு கடிதம் எழுதினால் ஐம்பது பதில் வரும். அதில் இருபது, முகத்தின் நகலாக இருக்கும்.

ஊர்ச் சங்கம் ஒன்று இருந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை தன்னார்வத் தீயணைப்புப் படையின் மண்டபத்தில் கூடுவார்கள். இருபத்தெட்டு ஆண்கள், ஒரு வெர்னா. சங்கச் செயலாளர் எல்வுட் ஹாஃபர், முடிதிருத்தும் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷன், யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது, அதுதான் அவரிடம் பெரிய கோளாறு. டயர் கடை பட் யோடர் சங்கத்திலேயே பணக்காரன். அவன் கார்டுகள் எல்லாம் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்து, எவ்வளவு கெடாமல் இருக்கிறது என்பதற்கு மதிப்பெண் சீட்டு ஒட்டி வந்தவை.

"என்ன வெர்னா, இந்த மாசம் யாரோட முதுகைப் பாத்துட்டு வந்தே?" என்று பட் கேட்பான். மண்டபம் சிரிக்கும்.

"உன் முதுகைத் தவிர எல்லாத்தையும் பாத்தாச்சு. அதுல பாக்க ஒண்ணுமில்லன்னு உன் பொண்டாட்டியே சொல்லிட்டா," என்பாள் வெர்னா.

இப்படி வாயால் ஈடுகட்டினாளே தவிர, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கார் ஸ்டியரிங்கோடு சண்டை போட்டுக்கொண்டுதான் போவாள். நாற்பத்தொரு கார்டுகளை, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, மயிரிழை தப்பாமல் சேர்த்திருக்கிறாள். இதை ஒரு பேராசிரியர் செய்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் சூப் ஊற்றிய பெண்பிள்ளை செய்தால் பொழுதுபோக்கு! "அது உன் கற்பனை, வெர்னா. கோடுன்னா எங்கயும் ஓடும்" என்று மூஞ்சிக்கு நேரே சொன்னார்கள். போன வருஷம் எல்வுட் மட்டும் மனசு இரங்கி, அவள் வரைந்த தாளின் படத்தைச் சங்கத்தின் மாத இதழில் அரைப்பக்கம் போட்டார். அதற்கும் யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

பிறகு அந்த மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, எல்வுட் போன் செய்தார்.

"வெர்னா, மொதல்ல உக்காந்துக்கோ."

"பாத்திரம் தேச்சுட்டிருக்கேன். நின்னுட்டே கேக்கறேன். யாரு செத்தா?"

"யாரும் சாகல. பிலடெல்ஃபியாவுல ரெக்ஸ் பிரெண்டிஸ்னு ஒரு பெரிய வியாபாரி இருக்காரே, அவர்கிட்ட ஒரு துண்டு வந்திருக்கு. வெட்டாத துண்டு! மூணு பிளாக் ஸ்வான் கார்டு, பக்கத்துல பக்கத்துல, ஒரே அட்டையா. பழைய ஆல்பத்துல ஒட்டியிருக்கு. டோலன், மெக்ரேடி, ஷூமேக்கர். இப்பச் சொல்லு, உன் படத்துல மூணாவது வரிசையில யாரு?"

வெர்னா ஈரக்கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"டோலன்," என்றாள். "மெக்ரேடி. ஷூமேக்கர்."

"உன் தாள் நெசம்னு ஆயிடுச்சு வெர்னா! பதினாலு வருஷம்! சனிக்கிழமை நம்ம கண்காட்சியில அவர் அதை ஏலம் விடறார். உன் பேரைத்தான் சொல்லப்போறார். 'லெஷர் தாள்'. உனக்கு மேடையில பட்டயம். நீ ஒரு கடுதாசில கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். இந்தத் துண்டு என்னோட தாளோட பொருந்துதுன்னு."

போனை வைத்துவிட்டு அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். ஹெரால்டு போனபோதுகூட அவ்வளவு அழவில்லை. அவன் போனதற்குச் சண்டை போட ஆள் இல்லை, இதற்குக் கற்பனை என்று சிரித்தவர்கள் இருந்தார்கள், அத்தனை பேரும் இப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். மறுநாள் ஆறு பேர் போன் செய்து வாழ்த்தினார்கள். பட் யோடர்கூடச் செய்தான்.

"நான் எப்பவும் சொல்லிட்டுத்தானே இருந்தேன், வெர்னா கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு!"

எப்பவும் சொல்லிக்கொண்டிருந்தானாம். கேட்கிறவளுக்கு எப்படி இருக்கும்? ஆனால் அன்றைக்கு அவள் இருந்த சந்தோஷத்தில் "நன்றி பட்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை ரெக்ஸ் பிரெண்டிஸ் அனுப்பிய கடிதமும் துண்டின் புகைப்படமும் தபாலில் வந்தன. கடிதம் நாலே வரி. அவளுக்கு அது போதவில்லை. தன் கைப்பட விவரமாக எழுத வேண்டும் என்று சாப்பாட்டு மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். மூன்றாவது வரிசையில் டோலன், மெக்ரேடி, ஷூமேக்கர் மூவரையும், கவிழ்ந்திருந்தபடி, ஒரு சின்னக் கண்ணாடித் துண்டின் மேல் தள்ளினாள். புகைப்படத்தோடு முகங்களைச் சேர்த்துப் பார்க்க ஆசை. ஒவ்வொரு கார்டாக இருந்த இடத்திலேயே திருப்பிப் போட்டாள். டோலன், மெக்ரேடி, ஷூமேக்கர். புகைப்படத்திலும் டோலன், மெக்ரேடி, ஷூமேக்கர். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருந்தது.

மறுபடி கவிழ்த்து வைத்தாள். எடுத்த இடத்திலேயே வைப்பதற்கு முன், துண்டாக இருந்தால் கையில் எப்படி இருக்கும் என்று பார்க்கலாமே என்று, மேலே இன்னொரு கண்ணாடியை வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து, மூன்று கார்டையும் ஒன்றாகத் திருப்பினாள்.

ஷூமேக்கர். மெக்ரேடி. டோலன்.

வெர்னா மறுபடி திருப்பினாள். மறுபடி. ஒரு துவாலையை விரித்து, ஓரத்தில் கறை இருக்கிற பக்கத்தை இடது பக்கம் வைத்துக்கொண்டு, அப்படியே மறுபுறம் புரட்டினால் கறை வலது பக்கம் போய்விடும். துணி மடிக்கிற எவளுக்கும் தெரிகிற சங்கதி. அவள் பதினான்கு வருஷமாகத் தாளைப் பின்பக்கத்திலிருந்து பார்த்தே அடுக்கியிருந்தாள், வரைந்திருந்தாள். பின்னாலிருந்து பார்த்தால் இடது கோடியில் இருக்கிற டோலன், முன்னாலிருந்து பார்த்தால் வலது கோடியில் இருக்க வேண்டும். வெட்டாத நிஜத் துண்டு ஒன்று வந்தால் அதில் முகங்கள் ஷூமேக்கரில் தொடங்கி டோலனில் முடியும். பிரெண்டிஸின் துண்டில் அவை அவள் படத்தில் இருப்பதுபோலவே இருந்தன. யாரோ அவள் படத்தைப் பார்த்து, மூன்று கார்டை வாங்கி, ஓரத்தோடு ஓரம் ஒட்டி, சேர்த்த இடம் தெரியாமலிருக்க ஆல்பத் தாளில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். படம் பின்பக்கப் படம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை!

ஏன் தெரியவில்லை? அவள் எழுதியிருந்தாளே. மாத இதழைத் தேடி எடுத்தாள். அவள் கையால் வரைந்த படம் அப்படியே இருந்தது. அதன் அடியில் கொட்டை எழுத்தில் அவள் எழுதியிருந்த "பின்பக்கத்திலிருந்து பார்த்தபடி" என்ற வரி இல்லை. எல்வுட்டுக்குப் போன் செய்தாள்.

"என் வரி எங்க எல்வுட்?"

"எந்த வரி?"

"படத்துக்குக் கீழ நான் எழுதுன வரி!"

"ஓ, அதுவா. இடம் பத்தலம்மா. அந்த மாசம் தீயணைப்புப் படை கோழி விருந்து விளம்பரம் போட வேண்டியிருந்துது. அதையும் விட முடியாதுல்ல?"

"கோழி!" என்றாள் வெர்னா. பிறகு விஷயத்தைச் சொன்னாள். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை எல்வுட்டையே ஒரு காகிதத்தைக் கிழித்துத் திருப்பிப் பார்க்கச் சொன்னாள். போனில் காகிதச் சத்தம் கேட்டது.

"வெர்னா," என்றார் எல்வுட் கடைசியில். "இது யாருக்குப் புரியப்போவுது? உனக்கே மூணு நாள் ஆச்சு. மேடை போட்டாச்சு, பட்டயம் அடிச்சாச்சு. பத்திரிகைக்காரன் வரான். இத்தன வருஷம் கழிச்சு உனக்கு ஒரு நல்லது நடக்குது. பேசாமக் கையெழுத்துப் போட்டுரு. உன் தாள் உண்மைதானே? அப்பறம் என்ன?"

நல்ல மனுஷன் என்று சொன்னேனே, நல்ல மனுஷர்கள் இப்படித்தான் குழி பறிப்பார்கள். அவர் சொன்னதில் ஒரு சின்னக் கொக்கி இருந்தது, அது அவள் மனசில் மாட்டவும் செய்தது. தாள் உண்மைதான். அதை உலகம் ஒப்புக்கொள்ள வேறு எந்தத் துண்டும் வரப்போவதில்லை. அவளுக்கு அறுபத்தாறு வயது, எங்கேயோ ஒரு பரணில் நிஜத் துண்டு இருந்தாலும் அது அவள் உயிரோடிருக்கும்போது இறங்கி வரும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? அந்த வியாழன் முழுக்கவும் வெள்ளி முழுக்கவும் கடிதம் மேஜையில் கிடந்தது. பேனா அதன் மேல் கிடந்தது. தன் பதினான்கு வருஷ உழைப்பை எவனோ ஒருத்தன் களவாணித்தனத்துக்கு அச்சாக எடுத்துக்கொண்டான், அதையும் ஒழுங்காகப் படிக்காமல் செய்தான், அதன் மேல் அவளே முத்திரை குத்த வேண்டுமாம்!

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. சமையலறையில் பெண்கள் பீன்ஸ் சூப்பும் பன்றிக்கறி சாண்ட்விச்சும் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடையில் கண்ணாடிப் பேழைக்குள் துண்டு இருந்தது. சாம்பல் நிறச் சூட்டில் ரெக்ஸ் பிரெண்டிஸ் அதன் பக்கத்தில் நின்று எல்லாரோடும் கைகுலுக்கினார். எல்வுட் ஒலிபெருக்கியில் வெர்னாவின் பெயரைச் சொன்னார். கைதட்டினார்கள். இருபத்தெட்டு ஆண்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அவள் மேடை ஏறி, கையெழுத்துப் போடாத கடிதத்தைப் பிரெண்டிஸ் கையில் கொடுத்தாள்.

"இந்தத் துண்டு பொய்," என்றாள்.

கைதட்டல் ஒரே சமயத்தில் நிற்கவில்லை. பின்வரிசைக்காரர்கள் காதில் விழாமல் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சமையலறைக் கைதுடைக்கும் காகிதம் ஒன்றை எடுத்து, மூன்று பெயரையும் இடமிருந்து வலமாகப் பெரிதாக எழுதி, மை மறுபக்கம் ஊறித் தெரிகிறபடி விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, திருப்பிக் காட்டினாள். என் படம் பின்பக்கம் என்றாள். முன்பக்கம் தலைகீழ் வரிசையில் வரணும் என்றாள். முன்வரிசையில் நாலைந்து பேருக்குச் சட்டென்று புரிந்தது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்தவன் பட் யோடர்.

"ஒரு நிமிஷம். துண்டு கையில இருக்கு. உன் தாள் காகிதத்துல இருக்கு. ரெண்டும் ஒத்துவரலன்னா உன் தாள்தானே தப்பு?"

"அதானே!" என்றது ஒரு குரல். "துண்டு பொய் சொல்லுமா?" என்றது இன்னொன்று. தலைகள் ஆடின. ஐந்து நிமிஷத்துக்கு முன் எழுந்து நின்று தட்டிய கைகள்! அவள் பதினான்கு வருஷத்தை ஒரு நொடியில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை போன் செய்த ஆறு பேரில் ஒருத்தன் கூடக் கண்ணை நிமிர்த்தி அவளைப் பார்க்கவில்லை.

ரெக்ஸ் பிரெண்டிஸ் அழகாகச் சிரித்தார். "அம்மா பாவம், உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. நல்ல உழைப்பாளி. ஆனா இந்தச் சின்னக் கீறல்களை வெச்சு..."

வெர்னா மேடையை விட்டு இறங்கினாள். போய்விட்டாள் என்றே நினைத்தார்கள். சமையலறைக்குள் போய், சாண்ட்விச் அடுக்குகிற பெரிய தகரத் தட்டைக் கழுவி, குழாயடியில் பிடித்து, விளிம்புவரை தண்ணீரோடு இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். வழிநெடுகத் தளும்பியது. மேடை மேஜையில் அதை நங்கென்று வைத்தாள்.

அந்த மண்டபத்தில் தண்ணீர்த் தட்டு எதற்கு என்று தெரியாதவர் ஒருவரும் இல்லை. அந்தக் காலத்துக் குழந்தைகள் கார்டுகளை ஆல்பத்தில் மாவுப் பசை போட்டு ஒட்டினார்கள். குழாய்த் தண்ணீரில் கால்மணி நேரம் போட்டால் பசை கரைந்து கார்டு தானாகக் கழன்று வரும். மை கலையாது, அட்டை கெடாது, துடைத்து உலர்த்தினால் பழையபடி இருக்கும். ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சமையலறையில் நூறு தடவை செய்திருக்கிறார்கள். பட் யோடரின் விலை உயர்ந்த கார்டுகளில் பாதி அப்படிக் குளித்து எழுந்தவைதான்.

"போடுங்க," என்றாள் வெர்னா. "ஒரே அட்டையா இருந்தா ஒண்ணா மிதக்கும். மூணா இருந்தா மூணா மிதக்கும். நான் தப்பா, துண்டு தப்பான்னு இவங்க எல்லாரும் பாத்துக்கட்டும்."

"நூறு வருஷத்துப் பொருளைத் தண்ணியில போடறதா?" என்றார் பிரெண்டிஸ்.

எங்கேயோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. பிரெண்டிஸ் அந்தத் திசையைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"கெட்டுப்போனா யார் பொறுப்பு?" என்றார்.

"நான் பொறுப்பு. மல்பெரி தெருவுல எனக்குச் சொந்த வீடு இருக்கு. கடன் கிடையாது. துண்டு கெட்டுப்போனாலும் சரி, ஒண்ணா மிதந்தாலும் சரி, வீடு உங்களுக்கு. எல்வுட், காகிதம் கொண்டா. பேனா என்கிட்ட இருக்கு."

எல்வுட் நகரவில்லை. அவள் அந்தக் கடிதத்தையே பிரெண்டிஸ் கையிலிருந்து வாங்கி, திருப்பி, பின்பக்கத்தில் எழுதினாள். வீட்டு எண், தெருப் பெயர், நிபந்தனை. கீழே கையெழுத்துப் போட்டாள். இரண்டு நாளாக அவள் போட மறுத்த கையெழுத்து.

"ம். போடுங்க."

எல்லாரும் பிரெண்டிஸின் கையைப் பார்த்தார்கள். கை பேழையின் மூடி வரை போனது. அங்கே நின்றது. பிறகு அது பேழையின் பூட்டைச் சரிபார்த்தது.

"இந்த மாதிரி இடத்துல, இந்த மாதிரி ஆளுங்க முன்னாடி, நான் ஏலம் விடறதா இல்ல," என்றார். "இதை நான் ஒருத்தர்கிட்டேருந்து நல்லெண்ணத்துல வாங்கினேன். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக்கறேன்." பேழையைப் பையில் வைத்துக்கொண்டு, பக்கக் கதவு வழியாக நடந்தார். வெளியே அவர் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

யாராவது ஒருவர் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் இல்லையா? கேட்கவில்லை. "ஷோவையே கெடுத்துட்டா" என்று ஒருவர் முணுமுணுத்தார். பத்திரிகைக்காரன் நோட்டை மூடிக்கொண்டு சாண்ட்விச் வாங்கப் போனான். பட் யோடர் தன் மேஜையில் பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினான், முகங்கள் மேலே தெரிகிறபடி. பட்டயம் மேடையில் அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. அதை அவளிடம் கொடுப்பதா வேண்டாமா என்று எவருக்கும் தெரியவில்லை.

வெர்னா தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். எல்வுட் பின்னாலேயே வந்து நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"நெசமாவே எழுதிக் குடுத்துட்டியே வெர்னா. வீட்டை!"

"ஆமா."

"ஒருவேளை அந்தாளு போட்டிருந்தா? துண்டு ஒண்ணா மிதந்திருந்தா? உன் தாள் தப்பா இருந்திருந்தா?"

அவள் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கைகளை ஆணியில் தொங்கிய ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"தப்பா இருந்திருந்தா," என்றாள், "அந்த வீட்டுல உக்காந்து நான் என்ன பண்ணப்போறேன் எல்வுட்?"